இல்லறத்தார் பாடம்: சிறுபொருளும் முதுமையும்

பகவன் புத்தர் சிராவஸ்தி நகரின் கிழக்கே, உபாசிகை விசாகை எடுப்பித்த விகாரையில் தங்கியிருந்த காலத்து ஒருநாள் மாலை, தியானத்தினின்றும் எழுந்து, மேற்கு வெயிலில் முதுகைக் காய்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஆனந்தர் அவருடைய கைகால்களைப் பிடித்துவிட்டார். அப்போது, பகவரின் மேனி பழைய ஒளி குன்றியிருப்பதையும், தோல் சுருங்கியிருப்பதையும், உடல் முன்னோக்கி வளைந்திருப்பதையும் கண்டு, கண்டதை மறைக்காமற் கூறினார். பகவர் அதனை மறுத்தாரில்லை. இளமை முதுமைக்கு உட்பட்டது என்று ஒப்புக்கொண்டார். இந்நிகழ்ச்சி சம்யுத்த நிகாயத்தில் உள்ளது.

மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைகளிலே லயத்து வாசலில் வெயில் காயும் நம் பெற்றோரையும் பாட்டனார் பாட்டியாரையும் நினைக்குந்தோறும் இந்தச் சூத்திரம் என் நெஞ்சில் எழுவதுண்டு. நெல்லியாம்பதிப் பாடிகளிலும் காட்சி இதுவேயாகும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பகவருக்கு அடுத்த வேளை உணவு எங்கிருந்து வரும் என்ற கவலை இல்லை. பாத்திரம் இருந்தது, சங்கம் இருந்தது, ஊரார் இருந்தனர். இல்லறத்தானுக்கோ ஐம்பத்தெட்டாம் வயதில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது நின்றவுடன் கூலி நிற்கிறது. கூலியோடு வீடும் போகிறது. ஆகவே சிறுபொருளோடு முதுமையை நடத்துவது எங்ஙனம் என்பதே இத்திங்கள் பாடம்.

பாடத்துக்குள் புகுமுன் ஓர் ஐயத்தை நீக்கவேண்டும். தீட்சை பெற்ற புதிதில் சிலர், "பொருள் சேர்ப்பது திருஷ்ணை அன்றோ? அனைத்தையும் துறந்த மகானைப் பின்பற்றுவோர் வங்கிப் புத்தகத்தை எண்ணிக்கொண்டிருக்கலாமா?" என்று வினவுகின்றனர். கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் தீகஜாணு என்பவர் பகவரிடம் வந்து ஏறக்குறைய இதற்கு நேர்மாறான வினாவைக் கேட்டார். தாங்கள் பிள்ளை குட்டிகளோடு நெருங்கி வாழ்பவர்கள், சந்தனம் பூசுபவர்கள், பொன்னும் வெள்ளியும் கையாள்பவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நலம் தரும் அறத்தைச் சொல்லவேண்டும் என்றார். அவரைப் பகவர், துறவு பூண்ட பின் வா என்று திருப்பியனுப்பவில்லை. வியக்கபஜ்ஜர் என்று குலப்பெயரால் அழைத்து, இம்மை நலத்துக்கு நான்கு சம்பத்துக்களைக் கூறினார். முயற்சி, காப்பு, நல்லோர் கேண்மை, அளவறிந்த வாழ்வு என்பன அவை. அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் தொகுதியில் இதனைக் காணலாம். மறுமைக்குரியவற்றை அவர் இவற்றுக்குப் பின்னரே கூறினார் என்பதையும் மாணாக்கர் குறித்துக்கொள்க.

முயற்சி

உழைத்துப் பொருளீட்டும் திறமே முயற்சியாகும். நம்மவர்க்கு இதனைக் கற்பிக்கும் தேவை மிகவும் குறைவு. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த மக்களே கண்ணன் தேவன் மலைகளில் காடு வெட்டித் தேயிலை நட்டனர். 1877-ஆம் ஆண்டில் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடம் அம்மலைகளுக்கு உரிமை பெற்றது முதல் இன்றளவும், அங்கே கொழுந்து கிள்ளும் விரல்களிற் பெரும்பாலானவை தமிழ் விரல்கள். ஆகையால் சோம்பலைக் கடிந்து நம்மிடம் பிரசங்கிப்போர் வேறிடம் பார்த்துக்கொள்வது நலம்.

ஆனால் முயற்சி என்பது உடலுழைப்பு மட்டுமன்று. உழைப்பின் விலையைக் கேட்டுப் பெறுவதும் முயற்சியே. 2015 செப்டம்பரில் மூணாறுத் தோட்டப் பெண்கள் பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்ட போனசை இருபதாக்க வேண்டி, "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் நெடுஞ்சாலையில் அமர்ந்து வென்றனர். அப்போது நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் 500 கேட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் 301 என்று முடிவாயிற்று. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. எனினும் அந்த 69 ரூபாய் உயர்வு, வேலையிலிருந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பலர் கருதிப் பார்க்கவில்லை. பணிக்கொடை கடைசிக் கூலியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட்கூலி. இருபத்தெட்டு ஆண்டு உழைத்தவருக்கு, நாட்கூலியில் ஒரு ரூபாய் கூடினால் பணிக்கொடையில் 420 ரூபாய் கூடும். 69 ரூபாய் கூடினால் 28,980 ரூபாய் கூடும். சாலையில் அமர்ந்த பெண்கள் தங்கள் கிழப்பருவத்துக்கும் சேர்த்தே அமர்ந்தார்கள்.

இவ்விடத்தில் வினைக்கொள்கையைப் பற்றி ஒரு சொல். முற்பிறப்பில் செய்த வினையால் இப்பிறப்பில் வறுமை என்று கூறி ஏழையை அடக்கிவைப்பதைப் போதிசத்துவர் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த தமது நூலில், புத்த தம்மத்துக்கு ஒவ்வாதது என்று விலக்கினார். தீக நிகாயத்தில் கூடதந்த சூத்திரமும் சக்கவத்தி சீகநாத சூத்திரமும், உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், பணியாளனுக்குத் தக்க கூலியும் கிடைக்கச் செய்வது அரசின் கடன் என்றும், இல்லாதவர்க்கு ஈயாத நாட்டில் வறுமையும் களவும் பெருகுமென்றும் உரைக்கின்றன. ஓய்வுபெற்ற கிழவியின் வெறும் பானைக்கு அவளது முற்பிறவியைப் பழிப்பது நம் பள்ளியின் பாடமன்று.

காப்பு

நான்கினுள் இதுவே நமக்கு மிகவும் தேவையானது. ஆகவே இங்கே சற்று நிற்போம். ஈட்டிய பொருளை அரசர் கொள்ளாமலும், கள்வர் கவராமலும், தீ எரிக்காமலும், நீர் அடித்துச் செல்லாமலும், அன்பில்லா வாரிசுகள் பறிக்காமலும் காத்தல் வேண்டும் என்பது சூத்திரத்தின் பொருள்.

நீர் என்றது வெறும் அலங்காரமன்று. அநாதபிண்டிகரே பதினெட்டுக் கோடி பொன்னை ஆற்றங்கரையில் புதைத்துவைத்து வெள்ளத்தில் இழந்தார் என்றும், வேறு பதினெட்டுக் கோடியை வணிகர்க்குக் கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெறவில்லை என்றும் தம்மபத உரை கூறுகிறது. நம் மலைகளோ 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையையே இழந்தவை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடி 70 உயிர்களைக் கொண்டது. அரிசிப் பானைக்குள் சிறுவாட்டுப் பணத்தையும், தகரப் பெட்டிக்குள் சேமநிதிச் சீட்டுகளையும் வைத்திருப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். தாள்களின் படியொன்றைக் கீழ்நாட்டில் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைத்தல் பெரிய செலவன்று.

காக்கவேண்டிய பொருள் எது எனில், கையிலிருக்கும் காசைவிடப் பெரியது கைக்கு வராத காசு. அது இரண்டு வகை. முதலாவது, மேலே சொன்ன பணிக்கொடை, அஃதாவது கிராஜுவிட்டி. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் இவ்வுரிமையை அளித்தது. ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர்க்கு ஆண்டுக்குப் பதினைந்து நாட்கூலி என்ற அடிப்படைக் கணக்கை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் மாற்றவில்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும். தொழிலாளி இடையில் இறந்துவிட்டால் ஐந்தாண்டு என்ற கட்டுப்பாடு இல்லை. பணம் முப்பது நாளுக்குள் தரப்படவேண்டும். தராவிட்டால் தொழில்துறை அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிடலாம். வாய்ச்சொல்லால் கேட்டுத் திரும்பியவர்கள் பலர். எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்ட படியைப் பெற்றவர்கள் சிலர். பணம் பெரும்பாலும் பின்னவர்க்கே முந்தி வருகிறது.

இரண்டாவது சேமநிதி. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. 1995 நவம்பர் 16 முதல் முதலாளி செலுத்தும் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்குக்குச் செல்கிறது. பத்தாண்டு நிரம்பியவர்க்கு ஐம்பத்தெட்டாம் வயது முதல் மாத ஓய்வூதியம் உண்டு. கடைசி அறுபது மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்கவேண்டும். இருபதாண்டுக்குக் குறையாமல் உழைத்தவர்க்கு இரண்டாண்டு கூட்டிக் கொள்ளப்படும். கணவர் இறந்தால் மனைவிக்கும், மனைவி இறந்தால் கணவருக்கும் பாதி வரும்.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இருபத்தெட்டு ஆண்டு கொழுந்து கிள்ளிய ஒரு தாயாரின் கடைசி நாட்கூலி, கணக்கின் எளிமைக்காக, 400 ரூபாய் என்க. பணிக்கொடை: 400 × 15 × 28 = 1,68,000 ரூபாய். மாதச் சராசரி 9,000 ரூபாயாயின் ஓய்வூதியம்: 9,000 × 30 ÷ 70 = 3,857 ரூபாய். பணிக்கொடையை அஞ்சலகத்து மூத்தோர் சேமிப்பில் இட்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வட்டி என்று கொண்டால், மாதத்துக்கு 1,120 ரூபாய். ஆக, மாதம் ஐயாயிரத்துக்குச் சிறிது குறைவு. இது செல்வமன்று. ஆனால் அரிசியும் மருந்தும் தன் கைக்காசில் வாங்கும் நிலை. மருமகளிடம் முகம் பார்த்துக் கேட்காத நிலை. அந்த நிலைக்கும் பிச்சைக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் சில தாள்களே என்பதை உணர்க.

மேற்சொன்ன அஞ்சலகச் சேமிப்பு அறுபது வயதினர்க்கு உரியது. எனினும் ஐம்பத்தைந்துக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம் என்று 2023-இல் விதி தளர்த்தப்பட்டது. அந்த மூன்று மாதத்தில்தான் உறவினர் அனைவரும் வீடு தேடி வருவார்கள் என்பது அனுபவம்.

தாள்களில் நேரும் பிழைகளில் முதன்மையானது பெயர்ப்பிழை. செக்ரோலில் "பேச்சி", ஆதாரில் "பேச்சியம்மாள்", வங்கியில் தந்தையின் முதலெழுத்து, சேமநிதியில் கணவரின் முதலெழுத்து. பிறந்த ஆண்டோ ஒருவர் உத்தேசமாக எழுதியது. இவற்றோடு நம்மவர்க்கென்று தனியே ஒரு சிக்கல் உண்டு. தீட்சை பெற்றபின் மகிழ்ச்சியோடு பெயரை மாற்றிக்கொள்கிறோம். மாற்றுவது நம் உரிமை. இழிவு சுமத்திய பெயரைக் களைவது விடுதலை. ஆனால் ஒரு தாளில் மட்டும் மாற்றி ஏனையவற்றை விட்டுவிட்டால், ஓய்வுபெறும் நாளில் ஒரே மனிதர் இருவராகி, இருவருக்கும் பணம் இல்லாமற் போகும். அரசிதழில் அறிவித்து, பின் ஆதாரிலும், வங்கியிலும், முதலாளியும் தொழிலாளியும் கூட்டாக ஒப்பமிடும் விண்ணப்பத்தால் சேமநிதியிலும் மாற்றிக்கொள்க. இதற்கு ஐம்பத்தேழாம் வயது வரை காத்திருக்கலாகாது. (பெயர் மாற்றத்தால் பட்டியல் வகுப்பு உரிமை போய்விடும் என்று அஞ்சுவோர்க்கு: பௌத்தம் தழுவியோர்க்கும் அவ்வுரிமை 1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உறுதிசெய்யப்பட்டது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தோரின் சான்றிதழ்ச் சிக்கல் வேறு. அதற்குத் தனிப் பாடம் வேண்டும்.)

ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகும்போது சேமநிதியை முழுதும் எடுத்துச் செலவிடுதல் மற்றொரு பிழை. எடுத்த அன்றே முன்பணியாண்டுகள் கணக்கினின்று அழிகின்றன. கணக்கை மாற்றிக்கொள்ளவோ, ஓய்வூதியத்துக்குரிய திட்டச் சான்றிதழைப் பெறவோ வழியிருக்கிறது. எல்லை கடந்து போடிக்கோ, பொள்ளாச்சிக்கோ, சங்கரன்கோவிலுக்கோ குடியேறுவோர், 2025 ஜனவரி முதல் நாட்டின் எவ்வூர் வங்கியிலும் சேமநிதி ஓய்வூதியத்தைப் பெறலாம். முன்போல் மலையேறி வரவேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை உயிர்ச்சான்று அளித்தால் போதும்.

பத்தாண்டு நிரம்பாதவர்க்கும், முத்தலமடை மாந்தோப்புகளிலும் கொழிஞ்சாம்பாறை வயல்களிலும் கணக்கேடு இல்லாமல் உழைத்தவர்க்கும் சேமநிதி ஓய்வூதியம் இல்லை. அவர்கள் அறுபது வயதில் கிராமப் பஞ்சாயத்து வழியே கேரள அரசின் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். அது 2025 நவம்பரில் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமான வரம்பு உண்டு, சேமநிதி ஓய்வூதியம் பெறுவோர்க்குத் தனி விதிகள் உண்டு, பஞ்சாயத்தில் கேட்டறிக. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதைப் பதிவு செய்ய அக்ஷயா மையத்துக்குச் செல்லவேண்டும். மணிமேகலையின் கைப் பாத்திரத்தைப் பிற்காலத்தார் அட்சய பாத்திரம் என்பர். கணினி மையத்துக்கு அப்பெயரை வைத்தவர் அவளை நினைத்தாரோ இல்லையோ, நம் முதியோர் அங்கே வரிசையில் நிற்கும்போது எனக்கு அவள் நினைவு வருகிறது.

கேட்டும் கிடைக்காத காசு பற்றியும் கூறவேண்டும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டுப் பக்கத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியும், பணிக்கொடையும், பிடித்தம் செய்த சேமநிதியும் நின்றன. கேரளம், தமிழ்நாடு, அசாம், வங்காளத் தோட்டத் தொழிலாளரின் நிலுவைக்காக 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2010-இல் ஆணை பிறந்தது. ஆணை நிறைவேறாமையால் அவமதிப்பு வழக்கும், பின் நீதிபதி அபய் மனோகர் சப்ரே தலைமையில் நிலுவையைக் கணக்கிடும் குழுவும் வந்தன. அதற்குள் உரியவர்கள் பலர் மறைந்துவிட்டனர். இறந்தவரின் நிலுவை வாரிசுக்கு உரியது. ஆகையால் பழைய சீட்டுகளை எறியாதீர்கள். நம் சமயத்தின் பழைய தொழிலாளர் ஊராகிய கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபோதும் வீடும் நிலுவையுமே முதற் கேள்விகளாயின. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தழைத்த இடம் அது. 1907-இல் அவர் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழ"னைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த சுரங்கத் தொழிலாளரின் வழிவந்தோர்க்கே அக்கதி நேர்ந்தது. எனவே தோட்டமும் சுரங்கமும் என்றும் நிற்கும் என்று நம்பித் திட்டமிடலாகாது.

வீடு

சூத்திரம் சொல்லாத ஒரு செய்தி இங்கே குறுக்கிடுகிறது. கோலியர் ஊரார்க்குச் சொந்த வீடு இருந்தது. லயமோ வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்பவர்க்கே வீடு என்றது. வீட்டைக் காலி செய்த பின்னரே பணிக்கொடை என்று நிறுத்திவைக்கும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. ஆகவே பெற்றோர் ஓய்வுபெறும் ஆண்டில், படித்துக்கொண்டிருக்கும் மகனோ மகளோ வீட்டைக் காப்பதற்காகவே பேர் பதிந்து தோட்டத்தில் இறங்குகின்றனர்.

இதனைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரைப் பேணுதல் மங்கலங்களுள் ஒன்று என்பது மகாமங்கல சூத்திரம். ஆனால் சிகாலோவாத சூத்திரம், மக்களுக்குத் தொழிற்கல்வி அளிப்பதும், உரிய காலத்தில் உரிமைப் பொருளை ஒப்படைப்பதும் பெற்றோர் கடன் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பெண்ணின் படிப்பை இரண்டு அறை லயத்துக்கு விலையாகக் கொடுத்தால், பெற்றோரின் கடன் தவறுகிறது. அவள் ஐம்பத்தெட்டு வயதில் அதே வாசலில் நிற்பாள். வேறு வழியே இல்லாத குடும்பங்கள் உள்ளன. அவர்களைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் நாற்பது வயதிலேயே, மூன்று சென்டாயினும் நிலம் எங்கே என்று தேடத் தொடங்கினால், இந்த முடிவுக்குத் தள்ளப்படுவோர் தொகை குறையும். கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் நிலமற்றோர் பட்டியலில் பெயர் உள்ளதா என்று கேட்டீர்களா? கீழ்நாட்டில் பாட்டனார் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? திருவிழாவுக்குச் செல்லும்போது அதையும் பார்த்து வரலாம்.

அளவறிந்த வாழ்வு

தராசு பிடிப்பவன் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று அறிவதுபோல, வரவும் செலவும் அறிந்து வாழ்தலே அளவறிந்த வாழ்வு. மிகச் செலவிடுதலைப் போலவே, வரவிருந்தும் உண்ணாமல் வாடிச் சாவதையும் பகவர் குறையாகவே கூறினார் என்பதைக் கஞ்சத்தனத்தை அறமென்று எண்ணுவோர் அறிக.

சிகாலருக்குச் சொன்ன நான்கு கூறு அனைவரும் அறிந்ததே: ஒரு கூறு அனுபவிக்க, இரண்டு தொழிலில் இட, ஒன்று இடருக்கு வைக்க. இதனை அப்படியே தோட்டத் தொழிலாளிக்குப் பொருத்திப் பேசும் உபதேசிகளோடு நான் உடன்படுவதில்லை. சிகாலர் வளமுள்ள இல்லத்து மகன். நாட்கூலிக்காரன் நான்கில் ஒரு பங்கை வைக்கத் தொடங்கினால் பிள்ளையின் தட்டில் கஞ்சி குறையும். நமக்குத் "தொழிலில் இடும்" கூறு பிள்ளைகளின் படிப்பும் நம் உடலும் ஆகும். இடருக்கென்று வைப்பது இருபதில் ஒரு பங்கானாலும் மாதம் தவறாமல் வைத்தால் போதும். குடும்பஸ்ரீக் குழுவில் வாரந்தோறும் இடும் சிறுதொகை அவ்வகையது. நாற்பது வயதுக்குட்பட்ட இளையோர், 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். அறுபதில் மாதம் 1,000 முதல் 5,000 வரை வரும்.

சேமிப்பைவிட முதன்மையானது கடன் தீர்த்தல். வறியவன் கடன்படுகிறான், வட்டிக்கு ஆளாகிறான், நெருக்கப்படுகிறான், பின்தொடரப்படுகிறான், கட்டுண்கிறான் என்று அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் தொகுதியில் படிப்படியாகக் காட்டப்படுகிறது. குழுக் கடன் வசூலிப்பவர் லயத்து வாசலில் வந்து அமர்வதைக் கண்டோர்க்கு உரை வேண்டியதில்லை. முன் உதாரணத்துத் தாயாருக்கு நூற்றுக்கு மூன்று வட்டியில் 50,000 ரூபாய்க் கடன் இருக்கிறதென்று கொள்வோம். மாதவட்டி 1,500 ரூபாய். 1,68,000 முழுவதையும் அஞ்சலகத்தில் இட்டாலும் வருவது 1,120 தான். ஆகவே கடனைத் தீர்க்காமல் வைப்பில் இடுதல் ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும். கடனைத் தீர்த்தபின் மிஞ்சும் 1,18,000 ரூபாய்க்கு மாதம் 786 வரும். 1,500 கொடுப்பதும் நிற்கும்.

மகளின் திருமணத்துக்காகவும் சீருக்காகவும் பணிக்கொடையை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து வட்டிக்கு வாங்குவோர் உளர். பௌத்தத் திருமணத்துக்கு வேண்டுவன திரிசரணமும் பஞ்சசீலமும் இரு மாலைகளும். ஊரார் வாய்க்கு அஞ்சி மூன்று நாள் பந்தலிட்டு முப்பதாண்டு உழைப்பை விற்போர், சடங்கைத் துறந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. மதுவைப் பற்றியும் இங்ஙனமே. ஐந்தாம் சீலத்தை ஒவ்வொரு பௌர்ணமியும் ஓதுகிறோம், எனவே விரிக்கவில்லை.

நல்லோர் கேண்மையும் அன்பில்லா வாரிசும்

சிராவஸ்தியில் செல்வமிழந்து கந்தையுடுத்த ஒரு முதிய பிராமணர் பகவரிடம் வந்தார். நான்கு மக்கள், மனைவியர் சொற்கேட்டு அவரை வெளியேற்றிவிட்டனர். பகவர் அவருக்கு ஒரு பாட்டைக் கற்பித்து, மக்கள் அமர்ந்திருக்கும் ஊர்ச்சபையில் பாடச் சொன்னார். பிள்ளைகளைக் காட்டிலும் கைத்தடி மேல். அது மாட்டையும் நாயையும் விரட்டும், இருளில் வழிகாட்டும், பள்ளத்தில் தாங்கும் என்பது அதன் கருத்து. சபை நடுவே நாணிய மக்கள் தந்தையை அழைத்துச் சென்று நீராட்டிப் புத்தாடை அளித்தனர். சம்யுத்த நிகாயத்தில் உள்ள இக்கதையில் நான் கவனிப்பது ஒன்று: பகவர் அம்முதியவரைப் பொறுமை காக்கச் சொல்லவில்லை, துயரை ஊரறியச் சொல்லச் செய்தார். நம் முதியோர், மானம் போகுமென்று அஞ்சிப் பட்டினியை மறைக்கின்றனர். மறைக்கவேண்டியதில்லை. சங்கக் கூட்டம் அவர்களுக்கு ஊர்ச்சபையாகவேண்டும்.

ஆனால் காப்பு வேறு, கோபம் வேறு. பணிக்கொடைப் பணத்தை அன்பு மிகுதியால் ஒரே நாளில் மகன் பெயருக்கு மாற்றாதீர்கள். உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் பின் யாருக்கு என்று நியமனம் மட்டும் எழுதிவையுங்கள். தாமே வைத்திருக்கும் முதியவரிடம் மக்கள் அன்பு குறைவதை நான் கண்டதில்லை.

கையில் ஒன்றுமில்லாதார் தானத்துக்கு அஞ்சி விகாரைக்கு வாராது நின்றுவிடுகின்றனர் என்று கேள்விப்படுகிறேன். பொருளிழந்த அநாதபிண்டிகர் சங்கத்துக்குப் புளித்த கூழும் நொய்யுமே இட்டு, அதற்காக வெட்கப்பட்டார். மனம் உயர்ந்ததாயின் ஈவது எளியதன்று என்று பகவர் அவரைத் தேற்றினார். படித்த இளைஞன் ஒருவன், முதிய அன்னையை அக்ஷயா மையத்துக்கு அழைத்துச் சென்று, மலையாளத் தாளைப் படித்துச் சொல்லி, பேருந்தில் ஏற்றிவிடுதல் அக்கூழினும் பெரிய தானமாகும்.

வரும் பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஐம்பது வயது கடந்தோர் ஆதார், சேமநிதி எண், கடைசிச் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு, கடன் யாரிடம் எவ்வளவு என்ற சிறு குறிப்பையும் கொண்டுவரக் கோருகிறோம். எழுத்தறிந்த இளையோர் ஆளுக்கு இருவரின் தாள்களை எடுத்து, பெயரும் பிறந்த நாளும் ஒத்துள்ளனவா என்று பார்த்து, ஒவ்வாதவற்றை எழுதிவைப்பர். நெல்லியாம்பதியிலிருந்து வருவோர் மாலைப் பேருந்துக்குள் திரும்பவேண்டியிருத்தலின், வந்தனை முடிந்ததும் அவர்களுடைய தாள்கள் முதலில் பார்க்கப்படும்.